நெட் கட்டானால் யார் வருவார்?

வீட்டு இணையம் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

புது வீட்டுக்கு வாடகைக்குப் போகிறவர்கள் தண்ணீர் வசதியையும் பஸ் ஸ்டாப்பையும் விசாரித்த கையோடு, ‘இந்தத் தெருவில் எந்த நெட் நல்லா வரும்?’ என்றும் கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும். பிள்ளைகளின் பாடம், ஐ.டி. ஊழியரின் வேலை, தாத்தாவின் ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்று, வெளிநாட்டில் இருக்கும் மகளோடு பேச்சு என்று ஒரு குடும்பத்தின் பாதிக் காரியங்கள் அந்த ஓர் இணைப்பை நம்பி நடக்கின்றன.

ஆனால் வாங்கும் நேரத்தில் நாம் பார்ப்பது இரண்டே எண்களை: மாதம் எத்தனை ரூபாய், எத்தனை எம்.பி.பி.எஸ். வேகம். விளம்பரங்களும் அந்த இரண்டைத்தான் பெரிய எழுத்தில் போடுகின்றன. காற்று மழையில் ஒயர் அறுந்து, மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும்போதுதான் மூன்றாவது கேள்வி நினைவுக்கு வருகிறது. இதைச் சரிசெய்ய யார் வருவார், எப்போது வருவார்? உண்மையில் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். விலையும் வேகமும் இன்று நிறுவனத்துக்கு நிறுவனம் பெரிதாக மாறுவதில்லை. பழுதுபார்ப்போ தெருவுக்குத் தெரு மாறுகிறது.

வேகம் இப்போது பெரிய பிரச்னை இல்லை

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியபோது, முதலில் கிடைத்த நகரங்களில் சென்னையும் ஒன்று. டெலிபோன் ஒயர் வழியாக டயல் செய்து இணைய வேண்டும்; நெட்டில் இருக்கும்வரை வீட்டுக்குப் போன் வராது. 2004-ல் மத்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அது பிராட்பேண்ட் என்றது. பிறகு அது 512 ஆனது. 2023 ஜனவரியில் குறைந்தபட்சம் 2 மெகாபிட் என்று உயர்ந்தது.

இன்று பெரிய நிறுவனங்களின் தொடக்கத் திட்டமே 30, 40 எம்.பி.பி.எஸ். 2004-ன் அளவுகோலோடு ஒப்பிட்டால் நூறு மடங்குக்கும் மேல். 2019-ல் ஜியோஃபைபர் சந்தைக்கு வந்ததும் விலைப்போட்டி சூடுபிடித்தது. 2020-ன் ஊரடங்கு, ஃபைபர் இணைப்பை வசதியுள்ளவர்களின் ஆடம்பரம் என்ற நிலையிலிருந்து நடுத்தரக் குடும்பத்தின் மாதச் செலவுப் பட்டியலுக்கு இறக்கிக் கொண்டுவந்தது.

அப்படியென்றால் ஒரு வீட்டுக்கு எவ்வளவு வேகம் போதும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4கே தரத்தில் டி.வி.யில் படம் பார்க்க 15 எம்.பி.பி.எஸ். போதும் என்கிறது நெட்ஃப்ளிக்ஸ். முழு ஹெச்.டி. என்றால் 5 போதும். ஜூம் போன்ற வீடியோ வகுப்புக்கு நல்ல தரத்திலும் நான்கைத் தாண்டாது. நால்வர் உள்ள வீட்டில் ஹால் டி.வி.யில் 4கே படம், இரண்டு அறைகளில் இரண்டு வீடியோ மீட்டிங், இன்னொருவர் போனில் ஹெச்.டி. வீடியோ என்று எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் கூட்டுத்தொகை 28. ஆக, பெரும்பாலான குடும்பங்களுக்கு 40, 50 எம்.பி.பி.எஸ். தாராளம். பெரிய வீடியோ கோப்புகளை அனுப்பும் தொழில் செய்பவர்களுக்கும், ஆறேழு பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் கூட்டுக் குடும்பங்களுக்கும் 100 தேவைப்படலாம். அதற்கு மேல் கொடுக்கும் பணம் பெரும்பாலும் பயன்படாமலே போகும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். விளம்பரத்தில் வருவது மெகாபிட். டவுன்லோடு ஆகும்போது திரையில் தெரிவது பெரும்பாலும் மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 100 எம்.பி.பி.எஸ். இணைப்பில் நொடிக்கு பன்னிரண்டரை மெகாபைட் இறங்கினால் அது முழு வேகம்தான். ‘நூறு சொல்லிவிட்டுப் பன்னிரண்டு தருகிறார்கள்’ என்று கம்பெனியோடு சண்டை போடத் தேவையில்லை.

டவுன்லோடு வேகத்தோடு அப்லோடு வேகத்தையும் கேளுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கும் ஆன்லைனில் பாடம் எடுக்கும் ஆசிரியருக்கும் அதுதான் முக்கியம். இரண்டும் சம அளவில் கிடைக்கும் ஃபைபர் திட்டங்கள் உண்டு. ஒயர் இல்லாமல் டவர் சிக்னலில் வரும் வான்வழி இணைப்புகளில் அப்லோடு குறைவாகவே இருக்கும்.

பில்லில் வரும் உண்மையான தொகை

விளம்பரத்தில் 399 ரூபாய் என்று இருந்தால் உங்கள் கையிலிருந்து போவது அதுவல்ல. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 470 ரூபாய் 82 காசு ஆகும். ஆறு மாதத்துக்கு முன்பணமாகக் கட்டச் சொன்னால் 2,824 ரூபாய் 92 காசு. இதோடு இன்ஸ்டலேஷன் கட்டணம், ரௌட்டருக்கு டெபாசிட், லேண்ட்லைன் வாடகை என்று ஏதாவது உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். ‘ரௌட்டர் இலவசம்’ என்றால், அது உங்களுக்கே சொந்தமா, இணைப்பை நிறுத்தும்போது திருப்பித் தர வேண்டுமா என்பதையும் கேளுங்கள்.

நீண்டகாலத் திட்டத்தில் தள்ளுபடி கிடைக்கும். ஆனால் அந்தத் தள்ளுபடிக்கு ஈடாக நாம் கொடுப்பது, பிடிக்காவிட்டால் விலகும் சுதந்திரத்தை. மொபைலில் 2011 முதல் நம்பரை மாற்றாமலே கம்பெனியை மாற்றிக்கொள்கிறோம். வீட்டு ஃபைபரில் அந்த வசதி கிடையாது. மாறினால் புது ஒயர், புதுப் பெட்டி, புது அலைச்சல். எனவே முதல் மூன்று மாதமாவது மாதாந்திரத் திட்டத்தில் இருங்கள். அதில் ஒரு மழைக்காலம் வந்தால் இன்னும் நல்லது. நம்பிக்கை வந்த பிறகு ஆண்டுத் திட்டத்துக்குப் போகலாம்.

‘அன்லிமிடெட்’ என்ற சொல்லையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃபைபர் திட்டங்களில் பரவலாக மாதம் 3,300 ஜி.பி. என்று ஒரு வரம்பு இருக்கிறது. அதைத் தாண்டினால் வேகம் குறையும். ஒரு மணி நேர ஹெச்.டி. வீடியோவுக்கு அதிகபட்சம் 3 ஜி.பி. என்று வைத்துக்கொண்டால், அந்த அளவில் 1,100 மணி நேரம் பார்க்கலாம். மாதத்தில் இருப்பதே 720 மணி நேரம். வீட்டுக்கு இது போதுமானது. ஆனால் வான்வழி இணைப்புகளில் வரம்பு பெரும்பாலும் 1,000 ஜி.பி.தான். மணிக்கு 7 ஜி.பி. வரை இழுக்கும் 4கே படத்தை ஒரு டி.வி.யில் தினம் ஐந்து மணி நேரம் ஓடவிட்டாலே மாதக் கடைசியில் வரம்பைத் தொட்டுவிடும். டேட்டாவில் 50, 90, 100 சதவீதம் தீரும்போது வாடிக்கையாளருக்குத் தகவல் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016-லேயே உத்தரவிட்டிருக்கிறது.

ஓ.டி.டி. சேர்ந்த திட்டங்களில் வீட்டில் உண்மையிலேயே பார்க்கும் தளங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பார்க்காத பத்துத் தளங்களுக்காகக் கூடுதலாக 200 ரூபாய் கொடுப்பது சிக்கனமாகாது.

பில்லில் ஒரு பெயர், வாசலில் வேறொருவர்

சிங்கப்பூரிலிருந்து கடலுக்கடியில் வரும் கேபிள்கள் சென்னைக் கரையில் ஏறுகின்றன. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடலைத் தாண்டி வரும் அந்தத் தகவல், பெரும்பாலும் சிக்கிக்கொள்வது நம் வீட்டுக்கு முந்தைய சில நூறு மீட்டரில்தான். அங்கே கண்ணாடி இழை ஒயர், ஈ.பி. கம்பத்துக்கும் மொட்டை மாடிக்கும் இடையே தொங்குகிறது. மரக்கிளை விழுந்தால் அறும். உயரமான லாரி இழுத்துக்கொண்டு போகும். அணிலும் எலியும் கடிக்கும். பள்ளம் தோண்டும் ஜே.சி.பி. தரைக்கடியில் போன கேபிளையும் வெட்டிவிடும். 2016 டிசம்பரில் வர்தா புயலும் 2018 நவம்பரில் கஜா புயலும் மரங்களையும் கம்பங்களையும் சாய்த்தபோது, தொங்கும் ஒயரின் கதி என்ன என்பதைச் சென்னையும் டெல்டா மாவட்டங்களும் கண்கூடாகப் பார்த்தன.

இந்தக் கடைசித் தூரத்தைக் கவனித்துக்கொள்வது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பி.எஸ்.என்.எல். ஃபைபர் இணைப்பைப் பல ஊர்களில் உள்ளூர்ப் பங்குதாரர்களே கொடுத்துப் பராமரிக்கிறார்கள். ரயில்வேயின் ரெயில்டெல் நிறுவனம் நடத்தும் ரெயில்வயர் சேவையும் உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்கள் வழியாகவே வீடுகளுக்கு வருகிறது. தனியார் நிறுவனங்கள் சொந்த ஆட்களை வைத்தோ ஒப்பந்தக்காரர்களை வைத்தோ வேலை வாங்குகின்றன. பில்லில் இருக்கும் பெயர் ஒன்று. ஏணியோடு வாசலில் நிற்பவர் வேறொருவர். அதனால்தான் ஒரே நிறுவனத்தை ஒரு தெருவில் புகழ்கிறார்கள், அடுத்த தெருவில் திட்டுகிறார்கள்.

டூ வீலர் வாங்குகிறவர் ஷோரூமைப் பார்ப்பதற்கு முன் பக்கத்தில் நல்ல மெக்கானிக் இருக்கிறாரா என்று பார்ப்பதுபோல, இங்கேயும் விசாரணையைத் தெருவிலிருந்து தொடங்க வேண்டும். இணைப்பு தர வருபவரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். அறுந்த இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷின் உள்ளூரிலேயே இருக்கிறதா, மாவட்டத் தலைநகரிலிருந்து வர வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமையும் இரவிலும் ஆள் வருவாரா? கால் சென்டரைத் தவிர நேரடியாக அழைக்க உள்ளூர் நம்பர் உண்டா? இந்த மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்பவரிடம் மாதம் ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கொடுத்து இணைப்பு வாங்குவதும் லாபமே.

பிறகு அதே கம்பெனி வைத்திருக்கும் அக்கம்பக்கத்து வீடுகளில் கேளுங்கள். ‘நல்லா வருதா?’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். கடைசியாக எப்போது கட்டானது, சரியாக எத்தனை நாள் ஆனது, இரவு எட்டிலிருந்து பத்து மணிக்குள் வேகம் குறைகிறதா என்று கேளுங்கள். எல்லோரும் வீட்டில் இருக்கும் அந்த இரண்டு மணி நேரம்தான் எந்த இணைப்புக்கும் உண்மையான தேர்வு. ஒரு ஃபைபர் இழையை ஸ்ப்ளிட்டர் வைத்து 32 வீடுகளுக்கும் 64 வீடுகளுக்கும்கூடப் பிரிக்கிறார்கள். அந்த இழை தாங்கிவிடும். ஆபரேட்டர் மேலிடத்திலிருந்து வாங்கும் மொத்த வேகம் குறைவாக இருந்தால்தான் இரவில் எல்லோருக்கும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஒயர் வராத இடங்களுக்கு 5ஜி வான்வழி இணைப்பு 2023-லிருந்து வந்திருக்கிறது. மாடியில் ஒரு பெட்டியை வைத்து டவர் சிக்னலை வாங்கி வீட்டுக்குள் வைஃபையாகத் தருகிறார்கள். புறநகரின் புது மனைகளுக்கும், அடிக்கடி வீடு மாறும் வாடகைதாரர்களுக்கும் இது நல்ல ஏற்பாடு. ஆனால் டவரில் கூட்டம் கூடும்போது வேகம் குறையும். ஃபைபர் கிடைக்கும் தெருவில் ஃபைபரே முதல் தேர்வு.

கரண்ட் போனால்?

நம் ஊரில் இணையம் நிற்பதற்கு ஒயர் அறுவதைவிட அடிக்கடி காரணமாக இருப்பது மின்தடை. வீட்டு மோடமும் ரௌட்டரும் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுபவை. மிகக் குறைந்த மின்சாரமே இழுப்பவை. இவற்றுக்கென்றே சிறிய ரௌட்டர் யு.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது. இரண்டாயிரம் ரூபாய்க்குள் வாங்கினால் சில மணி நேரம் தாங்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மோடத்தின் பிளக் அந்த லைனில் இருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.

ஆனால் உங்கள் மோடம் உயிரோடு இருந்தும் நெட் வரவில்லை என்றால் காரணம் தெருவில் இருக்கிறது. முழு ஃபைபர் அமைப்பில் ஆபரேட்டரின் அலுவலகத்துக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் மின்சாரம் தேவைப்படும் கருவி எதுவும் கிடையாது. ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் வேண்டாம். பழைய முறையில் சிலர் தெருவில் ஏதோவொரு வீட்டு மாடியில் சுவிட்ச் பெட்டி வைத்து, அங்கிருந்து லேன் ஒயரை வீடுகளுக்கு இழுக்கிறார்கள். அந்தப் பெட்டிக்குக் கரண்ட் போனால் தெருவுக்கே நெட் போகும். ‘வீடு வரைக்கும் ஃபைபரா, பாதியிலிருந்து லேன் ஒயரா?’ என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் இன்னொன்றும் செய்யலாம். வீட்டில் எந்தக் கம்பெனியின் ஃபைபர் இருக்கிறதோ, அதைத் தவிர்த்து வேறு கம்பெனியின் சிம்மைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் கேபிள் வெட்டுப்பட்டாலும் மற்றதன் ஹாட்ஸ்பாட் அன்றைய வேலையைக் காப்பாற்றும்.

குற்றம் பல நேரம் வீட்டுக்குள்தான்

ஒயரில் வேகம் சரியாக வந்தும் படுக்கையறையில் வீடியோ நிற்கிறது என்றால் அது வைஃபையின் குறை. மோடத்தோடு லேப்டாப்பை லேன் ஒயரால் இணைத்து வேகம் பாருங்கள். அங்கே 40 வந்து அறையில் 5 வந்தால், கம்பெனியை மாற்றுவதால் எந்தப் பயனும் இல்லை. ரௌட்டரை டி.வி.க்குப் பின்னாலிருந்தும் இரும்பு பீரோவுக்குப் பக்கத்திலிருந்தும் எடுத்து, வீட்டின் நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவர் தாண்டிப் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, கான்கிரீட் சுவரில் தளர்ந்துவிடும். இரண்டும் உள்ள ரௌட்டராக வாங்குங்கள். மேல் மாடிக்குச் சிக்னல் வேண்டுமென்றால் லேன் ஒயர் இழுத்து அங்கே இன்னொரு ரௌட்டர் வைப்பதே உறுதியான வழி.

200 எம்.பி.பி.எஸ். திட்டத்துக்கு மாறுகிறவர்கள் தங்கள் பழைய ரௌட்டரின் போர்ட் 100 எம்.பி.பி.எஸ். அளவில் நின்றுவிடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்படியென்றால் கூடுதல் பணம் கட்டியும் பாதி வேகம்தான் கிடைக்கும்.

சட்டம் உங்கள் பக்கம்

இணையம் இரண்டு நாள் வராவிட்டால் ‘இதெல்லாம் சகஜம்’ என்று இருந்துவிடுகிறோம். அப்படி இருக்க வேண்டியதில்லை. டிராயின் புதிய சேவைத்தர விதிகள் 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளன. பணம் கட்டிய ஏழு வேலை நாளுக்குள் இணைப்பு தரப்பட வேண்டும் என்பது அவற்றின் அளவுகோல். பழுது நீண்ட நாள் நீடித்தால் வாடகையில் கழிவு தரவும் விதி இருக்கிறது. கேட்பவர்களுக்கே அது கிடைக்கும்.

புகாரை எப்போதும் பதிவு எண்ணோடு செய்யுங்கள். உள்ளூர்க்காரரைப் போனில் அழைத்துச் சொல்வது வேலை நடக்க உதவும். ஆனால் கஸ்டமர் கேரில் வாங்கிய டாக்கெட் நம்பர்தான் சாட்சி. பதில் திருப்தி தராவிட்டால், அந்த நிறுவனத்திலேயே இருக்கும் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுதலாம். 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தொலைத்தொடர்புச் சேவைப் புகார்களுக்கு நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா என்ற பழைய சந்தேகத்தையும் உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்த்துவைத்தது. போகலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டாத வழக்குகளுக்கு அங்கே கட்டணமும் இல்லை.

அடுக்ககங்களில் சங்கம் ஒரே கம்பெனியை மட்டும் உள்ளே விடுவது நடக்கிறது. குறைந்தது இரண்டு நிறுவனங்களுக்கு ஒயர் இழுக்க அனுமதி கொடுங்கள் என்று பொதுக்குழுவில் கேளுங்கள். போட்டி இல்லாத கட்டடத்தில் பழுதுபார்ப்பும் மெதுவாகத்தான் நடக்கும்.

ஊருக்கும் வர வேண்டும்

இவ்வளவும் தேர்ந்தெடுக்க வழியுள்ளவர்களுக்கு. தேர்வே இல்லாத கிராமங்கள் நம் மாநிலத்தில் இன்னும் இருக்கின்றன. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைப்பதற்காகவே தான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் பாரத்நெட் திட்டத்தின் கீழ் வேலை செய்கிறது. ஊராட்சி அலுவலகம் வரை கேபிள் போய்ச் சேர்வது பாதி வேலை. அங்கிருந்து பள்ளிக்கும் வீட்டுக்கும் அது நீள வேண்டும்; நீண்ட பிறகு அறுந்தால் ஒட்டவும் ஆள் வேண்டும். கேரள உயர் நீதிமன்றம் 2019-ல் ஒரு கல்லூரி மாணவியின் வழக்கில், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. 2023 ஜூனில் கே-ஃபோன் திட்டத்தைத் தொடங்கிய அந்த மாநிலம், ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பதையும் அதன் நோக்கமாக வைத்தது. அப்பாவின் ஒரே போனில் பள்ளிப் பாடம் பார்க்கும் பிள்ளைகள் இங்கேயும் இருக்கிறார்கள். கிராம சபைக் கூட்டத்தில் சாலை, குடிநீரோடு ‘நம்ம ஊருக்கு ஃபைபர் எப்போ வரும், வந்தது வேலை செய்யுதா?’ என்ற கேள்வியும் எழ வேண்டும்.

சந்தையில் இருப்பவர்களுக்கு முடிவாக ஒரு வார்த்தை. பெரிய வேகத்துக்கு ஆசைப்பட்டு மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டத்தில் சேர வேண்டாம். உங்கள் தெருவில் பழுதென்றால் அன்றே வருபவர் யார் என்று விசாரியுங்கள். அவரிடம் வீடு வரை ஃபைபராக 40, 50 எம்.பி.பி.எஸ். இணைப்பு வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல ரௌட்டரும் சிறிய யு.பி.எஸ்.ஸும் வாங்கி வையுங்கள். மூன்று மாதம் மாதாமாதம் கட்டிப் பாருங்கள். திருப்தி இல்லையென்றால் தயங்காமல் மாறுங்கள். வாடிக்கையாளர் மாறுவார் என்று தெரிந்தால்தான் ஏணியோடு ஆள் சீக்கிரம் வருவார்.